பந்தைத் தொடாத பாதி: கோல்ஃபில் பின்வீச்சு என்ன செய்கிறது?

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய மீன்வலை தொங்குகிறது. கரைவலைக்காரர் கழித்துவிட்ட மடித்துண்டு அது. கண் சிறியது என்பதால் பந்து ஊடே போகாது. இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே அதை இழுத்துக் கட்டியிருக்கிறேன். பின்னேரங்களில் நானும் அக்காவின் மகளும் அதற்குள் கோல்ஃப் பந்து அடிக்கிறோம். அவளுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் எல்லே, அதாவது தடியால் பந்தை அடிக்கும் விளையாட்டு, விளையாடுகிறவள், கையில் நல்ல பலம். மட்டையைப் பிடித்த முதல் நாளே கேட்டாள்: "ஏன் மாமா, பந்து முன்னாலதானே போகவேணும்? பிறகு ஏன் மட்டையை இவ்வளவு தூரம் பின்னால கொண்டு போறீங்கள்?"

"அப்பதான் பலம் வரும்" என்றேன். சொல்லும்போதே அது பதில் இல்லை என்று தெரிந்தது. பலம் எங்கிருந்து வருகிறது? பின்னால் போகும்போது பந்தை நாம் தொடவே இல்லையே. அவளுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காதவருக்கும் விளங்கும்.

ஆங்கிலத்தில் இதை பேக்ஸ்விங் என்பார்கள், மைதானத்தில் நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம். இங்கே பின்வீச்சு என்று எழுதுகிறேன். வலை வீசுகிறவர்கள் வாழும் ஊரில் அந்தச் சொல் சட்டென்று பிடிபடும். பந்துக்குப் பின்னால் நிற்கும் மட்டையை எடுத்து, உடலைத் திருப்பி, தோளுக்கு மேலே கொண்டு போகும் வரை பின்வீச்சு. அங்கிருந்து பந்தை நோக்கி இறங்குவது கீழ்வீச்சு. வலக்கைக்காரர் ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன். அவருக்கு இடது தோள் இலக்குப் பக்கம் இருக்கும். இடக்கைக்காரர் எல்லாவற்றையும் மாற்றி வாசிக்க வேண்டும்.

இலங்கையில் கோல்ஃப் புதிய விளையாட்டு இல்லை. கொழும்பில் 1879இல் தொடங்கிய கழகம் இன்றும் இருக்கிறது. நுவரெலியாவிலும் கண்டிக்கு அருகே திகனையிலும் அம்பாந்தோட்டையிலும் மைதானங்கள் உண்டு. திருகோணமலைக்காரருக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. சீனக்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ் இருக்கிறது. ஆனால் தமிழில் வாசித்துத் தெரிந்துகொள்ளத்தான் அதிகம் இல்லை. அது என் மனதில் கிடக்கும் ஒரு குறை.

அரை மில்லிசெக்கன்

கோல்ஃப் பந்து சின்னது. விதிப்படி அதன் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. ஒரு நல்ல தேசிக்காய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரமாக அடிப்பதற்கான மட்டைக்கு டிரைவர் என்று பெயர். பந்தில் படும் அதன் தலை ஏறக்குறைய 200 கிராம். இந்தத் தலையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் சுமார் அரை மில்லிசெக்கன். ஒரு செக்கனை இரண்டாயிரம் துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டு.

இந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். அரை மில்லிசெக்கனுக்குள் கையால் எதையும் செய்ய முடியாது. பந்து பட்டதை உடல் உணர்ந்து ஒரு தசையை அசைக்கவே அதைவிட நூறு மடங்குக்கும் கூடுதலான நேரம் வேண்டும். அதனால் பந்தில் படும் கணத்தில் 'இன்னும் கொஞ்சம் அழுத்துவோம்' என்று நினைப்பதில் பயனில்லை. உணர்வதற்குள் பந்து போய்விட்டது. மட்டைத் தலை எவ்வளவு வேகமாக வந்தது, எந்தத் திசையில் வந்தது, அதன் முகம் எங்கே பார்த்தது, நடுவில் பட்டதா ஓரத்தில் பட்டதா என்பவை மட்டுமே பந்தைத் தீர்மானிக்கின்றன. டிரைவரின் நடுவில் சரியாகப் பட்டால் மட்டைத் தலையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் பந்து கிளம்பும். தலை மணிக்கு 160 கிலோமீற்றரில் வந்தால் பந்து 240இல் புறப்படும். கிரிக்கெட்டில் உலகின் மிக வேகமான பந்துவீச்சாளர்கள் எட்டும் எல்லைதான் அந்த 160. அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூர் வீரர்களின் சராசரி மட்டை வேகம் 180க்கும் சற்று மேலே.

ஆகவே வேகம் முழுவதும் பந்தை அடைவதற்கு முன்பே தயாராகிவிட வேண்டும். அது தயாராவதற்கு ஒரு வழித்தடம் வேண்டும். அந்தத் தடத்தை உண்டாக்குவதுதான் பின்வீச்சின் முதல் வேலை.

விறகு கொத்துகிறவரைப் பாருங்கள். கோடாலியைக் கட்டைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்துக்கொண்டு எவ்வளவு பலமாக அமுக்கினாலும் கட்டை பிளக்காது. அதே மனிதர் தலைக்கு மேலே தூக்கிப் போட்டால் ஒரே போடு. அவருடைய கை பலம் மாறவில்லை, கோடாலியை அவர் தள்ளிக்கொண்டு வந்த தூரம்தான் மாறியது. பள்ளிக்கூடத்தில் படித்த வேலை சமன் விசை தர தூரம் என்ற கணக்கு இதுதான். விசை ஒன்றாகவே இருந்தாலும் தூரம் கூடினால் பொருளுக்குள் சேரும் சக்தி கூடும்.

ஆனால் அந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. தள்ளும் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் சக்தி இரண்டு மடங்காகும். வேகம் இரண்டு மடங்காகாது, 1.4 மடங்குதான் ஆகும். சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறுகிறது என்பதால் அப்படி. மட்டையை இடுப்பு உயரத்திலிருந்து தோள் உயரத்துக்குக் கொண்டு போனால் கிடைக்கும் லாபம் பெரியது. தோளுக்கு மேலே போன பிறகு இன்னும் ஒரு முழம், இன்னும் ஒரு சாண் என்று பின்னால் இழுப்பதில் கிடைப்பது கொஞ்சம், கெடுவது அதிகம். என்ன கெடும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் இந்தத் தூரக் கணக்கு ஓர் அளவுகோலாகவும் உதவும். இருபது மீற்றருக்குப் பந்தைத் தூக்கிப் போட வேண்டும் என்றால் மெதுவாக அடிக்க முயலாதீர்கள். பின்வீச்சைச் சுருக்கிவிட்டு, வழக்கமான தாளத்தில் அடியுங்கள். முழங்கால் உயரம், இடுப்பு உயரம், நெஞ்சு உயரம் என்று மூன்று அளவு பழகினாலே போதும். நீளமாக எடுத்துப் பாதி வழியில் பயந்து வேகத்தைக் குறைப்பதுதான் தொடக்கக்காரர் பலரிடம் நான் பார்க்கும் பிழை. மட்டை புல்லில் மாட்டிக்கொள்ளும், பந்து இரண்டு அடி உருளும்.

நீளத்தைவிட முறுக்கு

இனி இந்த விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். எனக்கு இதுதான் மிகப் பிடித்த பகுதி, கொஞ்சம் நின்று போகலாம்.

சின்ன வயதில் கெற்றபோல் வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கல்லைத் தோல்துண்டில் வைத்துக் கையைப் பின்னால் கொண்டு போகிறோம். ஆனால் கவட்டைத் தடி பிடித்த கையும் சேர்ந்து பின்னால் வந்தால் றப்பர் இழுபடுமா? கை எவ்வளவு தூரம் போனாலும் கல் காலடியில்தான் விழும். ஒரு முனை நிற்க, மறு முனை போக வேண்டும். இழுவை அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பின்வீச்சில் தோள் போகும் முனை, இடுப்பு நிற்கும் முனை. இடுப்பு முற்றாக நிற்பதில்லை, அதுவும் கொஞ்சம் திரும்பும். நல்ல முழுப் பின்வீச்சில் தோள்கள் ஏறக்குறைய 90 பாகை திரும்பும், இடுப்பு அதில் பாதி, 45 பாகை அளவு. இலக்கு இடது பக்கம் இருக்க, உங்கள் முதுகு இலக்கைப் பார்க்கும். தொப்புளோ பந்துக்கும் வலது பக்கத்துக்கும் இடையில் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். இந்த வித்தியாசத்துக்கு அமெரிக்கப் பயிற்றுநர் ஜிம் மெக்லீன் 1992இல் 'எக்ஸ் ஃபாக்டர்' என்று பெயர் வைத்தார். மேலேயிருந்து பார்த்தால் தோளின் கோடும் இடுப்பின் கோடும் எக்ஸ் எழுத்துப்போல் குறுக்கிடும் என்பதால் அந்தப் பெயர்.

இதை வீட்டிலேயே உணர்ந்து பார்க்கலாம். ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில், முழங்கால்கள் நேராக முன்னே. மட்டையையோ தும்புத்தடியையோ நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு வலது பக்கம் மெதுவாகத் திரும்புங்கள். உட்கார்ந்திருப்பதால் இடுப்பு அவ்வளவாக வராது. கொஞ்சத் தூரம் போனதும் விலாவிலிருந்து இடுப்பு வரை ஓர் இழுவை தெரியும். நான் முறுக்கு என்று சொல்வது அந்த இழுவையைத்தான். எழுந்து நின்று இடுப்பையும் தோளையும் ஒன்றாகவே திருப்பிப் பாருங்கள். இன்னும் கூடுதலாகத் திரும்பிவிடுவீர்கள், ஆனால் இழுவை இருக்காது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் பின்வீச்சுப்போலத்தான் தெரியும்.

சரி, தசை இழுபட்டால் ஏன் பலம் கூடுகிறது? தசை றப்பர் இல்லையே.

இன்னொரு சோதனை செய்து பாருங்கள். முழங்காலை மடித்துப் பாதி உட்கார்ந்த நிலையில் மூன்று செக்கன் அப்படியே நின்றுவிட்டு மேலே குதியுங்கள். அடுத்து, நேராக நின்று, சட்டென்று தாழ்ந்து, தாழ்ந்த வேகத்திலேயே குதியுங்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் இரண்டாவதுதான் உயரம். கால் அதே கால்தான். தசைநார்களில் கொஞ்சம் மீள்சக்தி சேருகிறது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், தசை முழுப் பலத்துக்கு வர நேரம் எடுக்கும். சுவிட்ச் போட்டதும் எரியும் விளக்கு மாதிரி அது வேலை செய்வதில்லை. கீழே தாழும் உடலைத் தடுத்து நிறுத்த வேண்டியிருப்பதால், மேலே எழும்பத் தொடங்கும் முன்பே கால் தசைகள் முழுமூச்சாக இறுகிவிடுகின்றன. நின்ற நிலையிலிருந்து குதிக்கிறவரின் தசை இறுகிக்கொண்டிருக்கும்போதே குதிப்பு பாதி முடிந்துவிடுகிறது.

கோல்ஃபுக்கு இதைக் கொண்டு வாருங்கள். தேர்ந்த ஆட்டக்காரரின் கீழ்வீச்சு சுமார் கால் செக்கன். அவ்வளவு குறுகிய நேரத்தில் தசை தூங்கி எழும்பக் காத்திருக்க முடியாது. பின்வீச்சில் பின்னோக்கிப் போகும் உடலையும் மட்டையையும் நிறுத்தித் திருப்ப வேண்டியிருப்பதால், கீழ்வீச்சு தொடங்கும் கணத்திலேயே முதுகும் விலாவும் பிட்டமும் வேலையில் இருக்கின்றன. எனவே பின்வீச்சு வெறும் ஆயத்தம் என்று சொல்வது போதாது. தசைகள் அந்தக் கால் செக்கனை வீணாக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. மேலே போய்ச் சிலைபோல் நின்றுவிட்டு அடித்தால் ஏன் தூரம் குறைகிறது என்பதற்கும் காரணம் இதுதான். பயிற்சிக்காக மேலே நிறுத்திப் பார்ப்பது நல்லது, ஆட்டத்தில் அது நட்டம்.

வலை வீசுகிறவரின் இடுப்பு

தம்பலகாமக் குடாவிலோ கிண்ணியாப் பக்கமோ ஆழம் குறைந்த நீரில் வீச்சு வலை போடுகிறவரை ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். எனக்குக் கோல்ஃபில் விளங்காமல் இருந்த ஒன்று அங்கேதான் விளங்கியது. வலையின் ஒரு பகுதியை முழங்கையில் மடித்துப் போட்டு, ஓரத்தைக் கையில் சேர்த்துப் பிடித்து, உடலைப் பின்னே திருப்புகிறார். வலை இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே அவருடைய இடுப்பு முன்னே திரும்பத் தொடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு நெஞ்சு, பிறகு தோள், கடைசியில் கை. கை நிற்கும்போது வலை பறக்கிறது. ஓரத்தில் கோத்த ஈயக் குண்டுகள் வெளியே விசிறி, வட்டமாக விரிந்து விழுகிறது.

கோல்ஃபிலும் திருப்பம் இப்படித்தான் நடக்க வேண்டும். மட்டை மேலே போய் முடியும் முன்பே இடது கால் நிலத்தை அழுத்துகிறது, இடுப்பு இலக்குப் பக்கம் திரும்பத் தொடங்குகிறது. மேல் பாதி பின்னே, கீழ் பாதி முன்னே. அந்தச் சின்னக் கணத்தில் தோளுக்கும் இடுப்புக்கும் இடையிலான முறுக்கு இன்னும் கொஞ்சம் கூடுகிறது. கெற்றபோலில் கல்லை விடுவதற்குச் சற்று முன் தடி பிடித்த கையை முன்னே தள்ளுவதுபோல. அதன் பிறகு இடுப்பு, நெஞ்சு, கை, மட்டை என்று வேகம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கை மாறுகிறது. முந்தியது தளரும்போது அடுத்தது எகிறுகிறது. கையிலிருந்து தொடங்கினால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும். தோளும் கையும் மட்டுமே உழைக்கும், உடலின் பெரிய தசைகள் பார்த்துக்கொண்டிருக்கும்.

மணிக்கட்டுக்கும் இதில் பெரிய பங்கு இருக்கிறது. பின்வீச்சில் கை இடுப்பைத் தாண்டியதும் மணிக்கட்டு மெல்ல மடிந்து, இடது கைக்கும் மட்டைத் தண்டுக்கும் இடையே ஏறக்குறைய 90 பாகை உண்டாகும். அந்த மடிப்போடு கீழே வரும்போது கனமான தலை உடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பாரத்தைச் சுழற்றுவது இலகு, உடல் வேகமாகத் திரும்பிவிடும். கை கீழே வந்த பிறகு, சுழற்சியின் இழுப்பிலேயே தலை தானாக வெளியே வீசப்பட்டு மணிக்கட்டு விரியும். ஈயக் குண்டுகள் விசிறிப் போனது நினைவிருக்கிறதா, அதே விசிறல். பின்வீச்சில் மடிக்காத மணிக்கட்டுக்குக் கீழே விரிவதற்கு ஒன்றும் இருக்காது. மட்டையைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடிக்கிறவரின் மணிக்கட்டு மடியாது. பிடி தளர்வாக இருக்கட்டும் என்று பயிற்றுநர்கள் ஓயாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈர மணலில் பாதம்

உடல் எதைப் பிடித்துக்கொண்டு முறுகுகிறது? நிலத்தைத்தான். பின்வீச்சில் பாரம் வலது காலுக்குப் போகும். ஆனால் பாதத்தின் உட்பக்கத்தில் தங்க வேண்டும், வெளி விளிம்புக்கு வழியக் கூடாது. வலது முழங்கால் லேசாக மடிந்தபடி உடலைத் தாங்கும். இடுப்பு வலது பக்கமாக வழுக்கிப் போனால் அது சாய்தல். சாய்ந்தவருக்குத் திரும்பி வருவதிலேயே நேரம் போய்விடும், முறுக்கும் கிடைக்காது.

இதைப் பார்ப்பதற்குக் கடற்கரையைவிட நல்ல இடம் இல்லை. காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் ஈர மணலில் வெறுங்காலோடு நின்று, பந்து இல்லாமல் பின்வீச்சு மட்டும் பத்துத் தடவை செய்யுங்கள். பிறகு விலகி நின்று வலது பாதத்தின் தடத்தைப் பாருங்கள். பெருவிரல் பக்கமும் உள்குதியும் ஆழமாக இருந்தால் சரி. சின்னவிரல் பக்கம் பள்ளமாக இருந்தால் சாய்கிறீர்கள். இதற்குக் கண்ணாடியும் வேண்டாம், காணொளியும் வேண்டாம். மணலே காட்டிக்கொடுத்துவிடும்.

எவ்வளவு பின்னால் போக வேண்டும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. புத்தகத்துப் படங்களில் டிரைவரின் தண்டு மேலே நிலத்துக்குக் கிடையாக நிற்கும். அதை ஒரு சட்டமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பது என் எண்ணம். இரண்டு வீரர்களைப் பாருங்கள்.

ஸ்பெயினின் ஜோன் ராம் வலது பாதம் வளைந்த நிலையில் பிறந்தவர். வலது கால் இடதைவிடக் கொஞ்சம் குட்டை, அந்தக் கணுக்காலும் அதிகம் அசையாது. அதனால் அவருடைய பின்வீச்சு மிகக் குறுகியது, தண்டு கிடைநிலைக்குக் கிட்டவும் வராது. அந்த உடலோடு அவர் 2021இல் யூ.எஸ். ஓபனையும் 2023இல் மாஸ்டர்ஸையும் வென்றார். தூரத்திலும் அவர் பின்தங்கியவர் இல்லை. மறுபக்கம் அமெரிக்காவின் ஜோன் டேலி. அவருடைய மட்டை கிடைநிலையைத் தாண்டி முதுகுக்குப் பின்னால் நிலத்தை நோக்கித் தொங்கும். 1991இல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், 1995இல் பிரிட்டிஷ் ஓபன் இரண்டையும் அப்படியே வென்றார். 1997இல் பி.ஜி.ஏ. டூரில் டிரைவரால் அடிக்கும் அடியின் சராசரி 300 யார் தூரத்தைத் தாண்டிய முதல் ஆளும் அவர்தான், ஏறக்குறைய 275 மீற்றர்.

ஒருவர் குறுக்கி வென்றார், ஒருவர் நீட்டி வென்றார். இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த முறுக்கு. ராமின் கை சீக்கிரம் நின்றாலும் தோள் நன்றாகத் திரும்பியிருக்கும். டேலியின் உடல் அவ்வளவு தூரம் போகக்கூடிய உடல்.

நம்மில் பெரும்பாலோருக்கு அந்த உடல் இல்லை. தோள் திரும்ப முடியாத இடத்துக்கு அப்பால் மட்டையைக் கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்பட்டால் உடல் ஏதாவது ஒரு குறுக்கு வழி பிடிக்கும். இடது முழங்கை மடியும். இடது கையின் கடைசி விரல்கள் பிடியை விடும். முதுகு நிமிர்ந்து தலை எழும்பும். மட்டை பின்னால் போனதென்னவோ உண்மை, ஆனால் அந்தக் கூடுதல் தூரத்தில் முறுக்கும் இல்லை, தள்ளும் விசையும் இல்லை. கீழே வரும்போது மடிந்ததை நீட்டவும் விட்டதைப் பிடிக்கவும் நேரம் செலவாகிறது. பந்தும் ஓரத்தில் படுகிறது. மேலே கெடுவது அதிகம் என்று சொன்னேனே, அது இதுதான்.

எனவே உங்கள் எல்லை எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: இடது தோள் தாடைக்குக் கீழே வந்து, முதுகில் இழுவை தெரிந்து, இரண்டு கைகளின் பிடியும் தளராமல் இருக்கும் இடம் எதுவோ அதுவே உங்கள் உச்சி. சிலருக்கு அது கிடைநிலை, சிலருக்கு முக்கால். முதுகு இறுகியவர்களும் ஐம்பதைத் தாண்டியவர்களும் இடது குதிக்காலை நிலத்திலிருந்து கொஞ்சம் எழும்ப விடலாம். இடுப்பு கூடுதலாகத் திரும்பும், முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதிக்குப் பாரம் குறையும். பிழையோ என்று தயங்க வேண்டாம். மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் 18 பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லஸ் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் அடித்தார். முதுகுவலி இருக்கும்போது மட்டும் முறுக்கைத் தேடிப் போகாதீர்கள்.

வேகம்? தேர்ந்த வீரர்கள் பலரில் பின்வீச்சுக்கு முக்கால் செக்கன், கீழ்வீச்சுக்குக் கால் செக்கன் என்று மூன்றுக்கு ஒன்று தாளம் இருக்கும். வாயால் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணிக்கொண்டே மேலே போய் "நாலு" என்னும்போது அடித்துப் பழகலாம். மிக மெதுவாக எடுப்பதும் நல்லதில்லை. திருப்புவதற்கு ஒரு வேகம் இருந்தால்தான் தசை விழித்துக்கொள்ளும், குதித்துப் பார்த்த சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் மகளுக்கு வந்த சிக்கல் வேறு. எல்லே தடியை அவள் கையால் தூக்கியே அடித்துப் பழகியவள். கோல்ஃப் மட்டையையும் அப்படியே நேராக மேலே தூக்கினாள். கை காதுக்கு மேலே போகும், தோள் பாதிகூடத் திரும்பியிருக்காது. எவ்வளவு பலமாக அடித்தாலும் பந்து வலையின் அடிக்கயிற்றில் போய்த் தட்டும். "இன்னும் உயரமா தூக்கட்டோ மாமா?" என்று கேட்பாள். அவளுக்குக் குறைந்தது உயரம் இல்லையே.

ஒரு சின்னத் துவாயை மடித்து இடது அக்குளுக்குள் வைக்கச் சொன்னேன். துவாய் விழாமல் மட்டையை இடுப்பு உயரம் வரை கொண்டு போக வேண்டும். கை தனியாக ஓடினால் துவாய் விழுந்துவிடும், நெஞ்சும் கையும் சேர்ந்து திரும்பினால் நிற்கும். முதல் இரண்டு நாள் துவாய் எடுப்பதே வேலையாக இருந்தது. மூன்றாம் நாள் மட்டையை நேர் மேலே தூக்காமல், முதல் ஒரு முழம் நிலத்தை ஒட்டியே பின்னே நகர்த்தச் சொன்னேன். கிரிக்கெட்டிலிருந்து வருகிற பெடியன்களுக்கும் இது உதவும். துடுப்பை நேரே பின்னே தூக்கிப் பழகிய கைக்கு, சாய்ந்த வட்டத்தில் உடலைச் சுற்றிப் போவது புதிது. அதன் பிறகு நாற்காலிப் பயிற்சி, ஒவ்வொரு பின்னேரமும் இருபது தடவை. பந்து அடிப்பதைக் குறைத்துவிட்டோம். அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஆனாலும் செய்தாள்.

கடைசியாகச் சேர்த்தது இடது கால். மட்டை உச்சிக்கு வரும் முன்பே இடது குதியால் நிலத்தை அமுக்கு என்று சொன்னால் தலையால் யோசிக்கத் தொடங்கிவிடுவாள். அதனால் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாப் பாலத்துக்குப் பக்கம் அழைத்துப் போய் வலை வீசுகிற ஒருவரைக் காட்டினேன். "அந்த அண்ணாட இடுப்பை மட்டும் பார்" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "வலை இன்னும் பின்னாலதான் நிக்குது மாமா, அவர் அதுக்கு முதல் திரும்பிட்டார்" என்றாள்.

அன்று பின்னேரம் அவள் அடித்த அடிகளில் ஏழெட்டு வழக்கம்போல்தான் போயின. பிறகு ஒன்று, சத்தமே வேறாக இருந்தது. அடுக்களையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். பந்து வலையின் நடுவில், என் தலை உயரத்தில் பட்டு, வலை முழுக்கப் பின்னால் வீங்கி வந்தது. இப்போது அந்த உயரத்தில் மூன்று கண்கள் அறுந்திருக்கின்றன. நைலோன் நூல் வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக்குப் பொத்த வேண்டும்.